மஞ்சள் கோட்டு முனி

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

அப்புத்தளைக்கும் பெரகலைக்கும் இடையில், ஆறாங்கட்டைச் சந்தியில் சலூன் வைத்திருக்கும் அழகர் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி தனலெட்சுமியும் மகள் விதுஷாவும் இன்று காலை வரை கைகால் சேதமில்லாமல் இருக்கிறோம். இந்த ரோட்டோரத்தில் குடியிருக்கிறவர்கள் தங்கள் சுகத்தை அப்படித்தான் சொல்ல முடியும். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், தங்கள் காரியாலயத்தில் எழுத்துப் பிழை பார்க்கிறவர்களும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தங்களுக்கு நான் இதற்கு முன்பும் பல கடிதங்கள் எழுதியிருக்கிறேன். ரோட்டைத் தாண்டுவது பற்றி எழுதிய எதையும் தாங்கள் போடவில்லை. எங்கள் பக்கத்தில் பனி இறங்குவது மிகவும் அழகாக இருக்கிறது என்று ஒருமுறை எழுதியதை மட்டும் படத்தோடு போட்டீர்கள். அந்தப் பனிக்குள்தான் ஐயா, லொறி வருவது தெரியாமல் நாங்கள் அடிபட்டுக்கொண்டிருக்கிறோம்.

போனதெல்லாம் போகட்டும். இந்தக் கடிதத்தை மட்டும் வருகிற வியாழக்கிழமைக்கு முன்னால், ஓர் எழுத்து விடாமல், முன்பக்கத்தில் போட வேண்டும். ஆறாங்கட்டை முனி என்று சொல்லி இந்த ரோட்டில் ஓடுகிற எல்லா டிரைவர்மாரும் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிற சாமி, என் வீட்டு அம்மிக் குழவி. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தவன் நான். இந்த உண்மையை நாட்டுக்குச் சொல்லாமல் விட்டால், என் மகள் உயிரோடு பள்ளிக்கூடம் போய் வருவதற்கு வழியில்லாமல் போய்விடும். எப்படி என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். நான் ஒரு வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லயங்கள் எல்லாம் ரோட்டுக்கு மேலே இருக்கின்றன. பள்ளிக்கூடமும் கொழுந்து நிறுக்கிற மடுவமும் மருந்துக் காம்பராவும் ரோட்டுக்குக் கீழே. யார் யோசித்து இப்படி வைத்தார்களோ தெரியாது, பிறந்த பிள்ளைக்கு ஊசி போடவும் ரோட்டைத் தாண்ட வேண்டும், செத்தவரைக் கொண்டுபோய்ப் புதைக்கவும் ரோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டுகிற இடத்தில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. இப்போது வெள்ளையில்தான் அடிக்கிறார்கள் என்றாலும் நாங்கள் மஞ்சள் கோடு என்றுதான் சொல்வோம், அதைத் தாங்கள் திருத்திவிட வேண்டாம். கோட்டின் ஓரத்திலேயே என் சலூன். அதற்கு அடுத்தது ஷுக்ரி நானாவின் பலசரக்குக் கடை. வெலிமடையிலிருந்து கோவாவும் லீக்ஸும் கரட்டுமாக மரக்கறி ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர நினைக்கிற லொறிகள், ஒன்றை ஒன்று முந்தாவிட்டால் மானம் போய்விடும் என்று நம்புகிற பஸ்கள், எல்ல என்கிற ஊரைப் பார்க்க வந்த வெள்ளைக்காரரைப் பின்னால் உருட்டிக்கொண்டு போகிற வேன்கள், எல்லாம் இந்த இறக்கத்தில்தான் வேகம் பிடிக்கும். கரட் வாடிவிடக்கூடாது என்று அவர்களுக்குக் கவலை. நல்ல கவலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மஞ்சள் கோட்டைக் கண்டதும் காலை எடுத்து பிரேக்கில் வைக்க வேண்டியவர்கள், ஹோர்னில் கையை வைக்கிறார்கள். கோட்டில் இறங்கி நிற்கிறவர் ஏதோ அவர்கள் வீட்டு முற்றத்தில் ஏறி நின்றுவிட்ட மாதிரி முறைத்துவிட்டுப் போகிறார்கள்.

நான் வேலை செய்யும்போது ரோட்டுக்கு முதுகு காட்டித்தான் நிற்பேன். ஆனாலும் முன்னால் இருக்கிற கண்ணாடியில் முழு ரோடும் தெரியும். பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒருநாள் மறுநாள் கல்யாணம் வைத்திருந்த ஒரு மாப்பிள்ளைக்கு மீசை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சரியாக அந்த நேரம் ஒரு பஸ் என் காதுக்குப் பின்னால் ஹோர்ன் அடித்தது. மாப்பிள்ளையின் பாதி மீசை போய்விட்டது. மீதியையும் எடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. படத்தில் பார்த்தவரும் மணவறையில் இருக்கிறவரும் ஒரே ஆள்தானா என்று பெண் வீட்டார் கேட்டார்களாம். அவர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. பஸ்காரனோடு நன்றாகப் பேசுகிறார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். கலாராணி செத்ததைச் சொல்ல முடியவில்லை. எங்கள் லயத்தில் நான்காவது காம்பரா அவள் வீடு. என் மனைவியோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்தவள். போன மார்கழியில், கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு மடுவத்துக்குப் போனபோது, அந்தக் கோட்டின் நடுவில், பட்டப்பகலில் லொறி அடித்தது. லொறி நிற்கவில்லை. நான் ஓடிப் போனபோது அவளைச் சுற்றிலும் கொழுந்து கொட்டிக் கிடந்தது. தங்கள் பத்திரிகையில் 'வாகனம் மோதிப் பெண் பலி' என்று ஒரு மூலையில் வந்தது. பெயரைப் போடவில்லை. 'வீதியைக் கடக்கையில் கவனம் தேவை எனப் பொலிஸார் அறிவுறுத்தினர்' என்று மட்டும் கடைசியில் போட்டிருந்தீர்கள். கோட்டில் நடந்தவளுக்கு இன்னும் என்ன கவனம் வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை ஐயா. அந்த வாரத்திலிருந்து விதுஷா பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் நான் யாருக்கும் கத்தி பிடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அதன் பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. ரோட்டைக் கவனிக்கிற காரியாலயத்துக்கு மனுக் கொடுத்தோம். அவர்கள் வந்து அழிந்து கிடந்த கோட்டைப் புதிதாக அடித்தார்கள். அடித்துக்கொண்டிருந்த ஆளையே ஒரு வேன் உரசிக்கொண்டு போனது. பிறகு, 'மனிதர் கடக்கும் இடம்' என்று ஒரு பலகை நட்டார்கள். அந்தப் பலகையை ஒரு லொறி இடித்துச் சாய்த்தது. பலகை கோட்டின் மேலேயே விழுந்து கிடந்ததால், கொஞ்சக் காலம் நாங்கள் பலகையையும் சேர்த்துத் தாண்டினோம். ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். அன்றைக்கு எல்லா வாகனமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்று போயின. அவர் தேத்தண்ணி குடிக்க ஷுக்ரி நானா கடைக்குள் போன அந்த இடைவெளியிலேயே பழைய வேகம் வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் நானே இறங்கினேன். விதுஷா விளையாட்டுப் போட்டிக்கு வைத்திருந்த சிவப்பு இல்லக் கொடியை எடுத்துக்கொண்டு காலையில் கோட்டின் நடுவில் போய் நின்றேன். கொழும்புப் பக்கமிருந்து வந்த ஒரு பஸ்காரர், தோட்டத்தில் வேலைநிறுத்தம், ரோட்டை மறித்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு பெரகலைக்கே போய்விட்டார். பின்னால் வந்தவர்களும் அவர் சொன்னதை நம்பித் திரும்பினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மத்தியானம் தோட்டத்து ஆபீஸிலிருந்து ஆள் வந்து, எந்தச் சங்கம், என்ன கோரிக்கை என்று கேட்டார்கள். பிள்ளை ரோட்டைத் தாண்ட வேண்டும், அதுதான் கோரிக்கை என்றேன். அப்படி ஒரு கோரிக்கை இதுவரை யாரும் வைத்ததில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை ஷுக்ரி நானா முகம் வழிக்க வந்து உட்கார்ந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. சவுக்கார நுரையோடு கண்ணாடியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அழகர், இவனுகள் மனிசனுக்கு நிக்கமாட்டானுகள். கீழ வளைவுல ஈக்கிற கோயிலுக்கு மட்டும் ஒருத்தன் பாக்கியில்லாம நிக்கிறானுகளே, அத பாத்தீங்களா?"

பார்க்காமல் என்ன. எங்கள் பக்கத்து வழக்கம் தங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மலை ரோட்டில் ஓடுகிற டிரைவர்மார் ரோட்டோரக் கோயிலைக் கண்டால் கட்டாயம் நிறுத்துவார்கள். கண்டக்டர் குதித்து ஓடிப் போய் உண்டியலில் சில்லறை போட்டு, உள்ளங்கையில் திருநீறு கொண்டுவருவார். டிரைவர் அதை நெற்றியில் பூசி, மீதியை ஸ்டியரிங்கிலும் தடவிவிட்டுப் புறப்படுவார். தமிழர், சிங்களவர் என்ற பேதம் கிடையாது. பஸ்ஸுக்குள் பிரசவ வலி எடுத்தாலும் இது மட்டும் தவறாது. மனிதர் சாகிற இடத்தில் நிற்காதவர்கள், தாங்கள் சாகாமல் இருக்க நிற்கிறார்கள். ஷுக்ரி நானாவின் ஒரு பக்கக் கன்னம் அப்படியே இருக்க, நான் கத்தியை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், தான் சும்மா சொன்னதாகவும், இதில் தன்னை இழுக்க வேண்டாம் என்றும், மிச்சத்தை வழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டார்.

ரோட்டில் கிடக்கிற கல்லை வைத்தால் ரோட்டு வேலைக்காரர் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கல்லுக்கு ஓர் உருவம் வேண்டும். எங்கள் வீட்டில் உருவமுள்ள கல் ஒன்றுதான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, பனி மூடிக் கிடந்தபோது, தனலெட்சுமியின் அம்மிக் குழவியைக் கொண்டுபோய் மஞ்சள் கோட்டின் ஓரத்தில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு சிவப்புத் துணி சுற்றி, பக்கத்தில் கம்பியில் தேசிக்காய் ஒன்றைக் குத்திவிட்டு வந்து, எதுவும் தெரியாதவன் மாதிரி சலூனைத் திறந்தேன். முதலில் வந்தது சுரேஸின் பஸ். சுரேஸ் எங்கள் தோட்டத்துப் பையன்தான். பண்டாரவளை ரோட்டில் தனியார் பஸ் ஓட்டுகிறான். ஏறப்போகிற ஆளுக்கே முழுதாக நிறுத்த மாட்டான், ஓடிக்கொண்டே ஏற வேண்டும், இறங்குகிறவர்களும் ஓடிக்கொண்டே இறங்க வேண்டும். அப்படிப்பட்டவன் கல்லைக் கண்டதும் பிரேக் போட்டான் பாருங்கள், பின்சீட்டில் இருந்தவர்கள் முன்சீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவன் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், விதுஷா பையை மாட்டிக்கொண்டு கோட்டில் இறங்கி நடந்து அந்தப் பக்கம் போனாள். ஓடவில்லை ஐயா, நடந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் கல்லுக்கு முனி என்று பெயர் வந்துவிட்டது. யார் வைத்தார்கள் என்று தெரியாது, நான் வைக்கவில்லை. அடுத்த வாரம் தகரக் கூரை வந்தது. அடுத்த மாதம் மணி வந்தது. எங்கேயோ இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன தன் பஸ்ஸை ஒரு கை வந்து பிடித்து நிறுத்தியது என்றும், அந்தக் கையில் மஞ்சள் வாசம் வந்தது என்றும் சுரேஸ் ஸ்டாண்டில் சொல்ல, கோயில் கமிட்டி ஒன்று உண்டாகி, அவனே தலைவரானான். ஷுக்ரி நானா முதலில் ஒதுங்கி இருந்தார். பிறகு கேட்கிறவர்களுக்காக என்று சொல்லிக் கற்பூரம் வாங்கி வைத்தார். இப்போது கடை வாசலில் தேங்காய் குவிந்து கிடக்கிறது. என் முகத்தைப் பார்த்தால் மட்டும் உள்ளே போய்விடுகிறார். நான் மட்டும் யோக்கியனா. நேர்த்திக்கடன் மொட்டை என்று சொல்லித் தூரத்திலிருந்து ஆட்கள் என் சலூனுக்கு வரத் தொடங்கினார்கள். என் வீட்டுக் குழவிக்கு நேர்ந்துகொண்டு வந்தவர்களின் தலையை நானே வழித்து அனுப்பினேன். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

எல்லாவற்றையும் விடக் கொடுமை வீட்டில் நடந்தது. குழவி காணாமல் போனதை தனலெட்சுமியால் தாங்க முடியவில்லை. அக்கம்பக்கத்துக் காம்பரா எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். இரண்டு வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. துவையல் இல்லை, அரைத்த குழம்பு இல்லை, எல்லாம் கடைத் தூள். கடைசியில், காணாமல் போன குழவி திரும்பக் கிடைத்தால் பொங்கல் வைக்கிறேன் என்று முனிக்கு நேர்ந்துகொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் அந்தக் குழவிக்கே மஞ்சள் தடவி, பூ வைத்து, குழவி கிடைக்க வேண்டும் என்று கண்ணை மூடிக் கேட்கிறாள். பக்கத்தில் நின்று நானும் கும்பிட வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் நான் என்ன வேண்டிக்கொள்வேன் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

இதுவரைக்கும் எனக்குத் தாங்க முடிந்தது. என் பிள்ளை நடந்து போகிறாள், அது போதும் என்று காலையிலும் மறுபடி கத்தி பிடிக்கத் தொடங்கியிருந்தேன். ஆனால் கூட்டம் கூடக் கூட, வண்டியை ஓரம்கட்டுகிற பொறுமை யாருக்கும் இல்லாமல் போனது. முனிக்கு எவ்வளவு கிட்ட நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்று மஞ்சள் கோட்டின் மேலேயே நிறுத்தினார்கள். பஸ் நிற்கும், அதன் வாலில் லொறி நிற்கும், கண்டக்டர்மார் தேங்காயோடு ரோட்டில் ஓடுவார்கள். பின்னால் வருகிறவனுக்கு அவசரம் என்றால், நிற்கிறதை எல்லாம் சுற்றிக்கொண்டு வலது பக்கத்தால் முந்துவான். போன வாரம், நின்றிருந்த பஸ்ஸுக்கு முன்னால் விதுஷா நடந்து வெளியே வந்த அந்த நொடியில் ஒரு வேன் அப்படி முந்தி வந்தது. நான் கண்ணாடியில் பார்த்தேன். கையில் கத்தி, கத்திக்குக் கீழே ஒரு மனிதரின் தொண்டை. கத்த முடியவில்லை, அசைய முடியவில்லை. வேன் அவள் பையைத் தட்டிக்கொண்டு போனது. சாப்பாட்டுப் பெட்டி பறந்து போய்த் தண்ணீர் ஓடுகிற கானில் விழுந்தது. நான் ஓடிப் போய் அவளைப் பிடித்தபோது, என் பிள்ளை என்னைச் சமாதானப்படுத்துகிறாள்.

"ஒண்ணும் இல்லப்பா. பொட்டிதான் போச்சு. நீங்க அழாதீங்க."

கலாராணி கிடந்த இடத்துக்கும் அவள் நின்ற இடத்துக்கும் ஒரு முழம் இருக்காது. அந்த வேன்காரனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பஸ்ஸை அங்கே நிறுத்த வைத்தவன் நான்தானே.

சாப்பாட்டுப் பெட்டி விஷயம் எப்படியோ மேலே எட்டி, ரோட்டுக் காரியாலயத்திலிருந்து பெரிய ஐயா ஒருவர் ஜீப்பில் வந்தார். முதலில் இறங்கிப் போய் முனிக்குச் சில்லறை போட்டார். பிறகு கோட்டைச் சுற்றி நடந்து பார்த்தார். வணக்கஸ்தலத்துக்கு முன்னால் மஞ்சள் கோடு இருப்பதுதான் எல்லா ஆபத்துக்கும் காரணம், ஆட்கள் குறுக்கே நடப்பதால் பக்தர்களின் வாகனங்களுக்கு இடைஞ்சல், ஆகவே வியாழக்கிழமை கோட்டை அழித்துவிட்டு மேலே வளைவில் புதிதாக அடிக்கப்படும் என்று சொன்னார். அந்த வளைவில் வருகிற வாகனத்துக்குக் கோடும் தெரியாது, கோட்டில் நிற்கிறவருக்கு வாகனமும் தெரியாது. இரண்டு தரப்புக்கும் சமமான ஏற்பாடு. சாமியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டேன். சாமியை அசைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, கோட்டை அசைக்க மட்டும்தான் இருக்கிறது என்றார்.

சரி, உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நேற்று மாலை கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நின்று, இந்தச் சாமியைப் பற்றி எனக்கு ஓர் உண்மை தெரியும், அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும் என்று தொடங்கினேன். கூட்டம் அப்படியே அடங்கிப் போனது. எனக்கு அருள் வந்துவிட்டது என்று யாரோ பின்னால் சொன்னார்கள். சுரேஸ் ஓடி வந்து கழுத்தில் மாலையைப் போட்டு, "சொல்லுங்கண்ணே, முனி என்ன கேக்குது?" என்றான். பெண்கள் பக்கத்தில் தனலெட்சுமி கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்ததில்லை. என்னால் முடியவில்லை ஐயா. முனி எல்லோரையும் கவனமாக இருக்கச் சொல்கிறது என்று தங்கள் பத்திரிகையில் பொலிஸார் சொன்னதையே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஆகவேதான் தங்கள் காலைப் பிடிக்கிறேன். நான் வாயால் சொன்னால் அருள் என்கிறார்கள். அச்சில் வந்தால் நம்புவார்கள். அது குழவி என்று தெரிந்தால் காரியாலயத்து ஐயாவும் குழவிக்காகக் கோட்டை அழிக்க மாட்டார். டிரைவர்மார் என்னை அடிக்க வருவார்கள், வரட்டும், நடந்து வந்தால் எனக்குச் சந்தோஷம்தான். தனலெட்சுமி என்ன செய்வாள் என்று மட்டும் யோசிக்கத் தைரியமில்லை. என் பெயரையும் ஊரையும் கட்டாயம் போடவும். பனிப் படம் எதுவும் வேண்டாம்.

தங்கள் பத்திரிகை மலை மலையாகப் பரவட்டும். தங்கள் பிள்ளைகள் எந்த ரோட்டைத் தாண்டினாலும் பத்திரமாகப் போய்ச் சேரட்டும். அச்சில் இருக்கிறவர்களுக்கும், கட்டுப் போடுகிறவர்களுக்கும், விடியற்காலையில் எங்கள் சந்தியில் பத்திரிகைக் கட்டை ஓடுகிற வேனிலிருந்து வீசி எறிகிறவருக்கும், கொஞ்சம் மெதுவாக எறியச் சொல்லி, என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அழகர்,
ஆறாங்கட்டைச் சந்தி.

பி.கு: மேலே எழுதியதில் ஓர் எழுத்தும் போட வேண்டாம் ஐயா. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தபாலுக்குப் புறப்பட்ட நேரத்தில், வியாழக்கிழமை வர வேண்டியவர்கள் இன்றைக்கே தார் வாளியோடு வந்து இறங்கிவிட்டார்கள். சொன்ன நாளுக்கு முன்னால் அந்தக் காரியாலயம் ஒரு வேலைக்கு வந்தது இதுதான் முதல் தடவை. கோட்டின் மேல் தார் பூச வேண்டும். ஆனால் முனிக்கு முன்னால் செருப்போடு நிற்க முடியாது என்று வேலைக்காரர் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். வெறுங்காலோடு கொதிக்கிற தாரில் நிற்கவும் முடியாது. ஆகவே வாளியை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே விளக்கு வைக்க வந்திருந்த தனலெட்சுமி, கோட்டின் மேல் ஏற்றி நிறுத்தியிருந்த சுரேஸின் பஸ்ஸைக் காட்டி அவர்களிடமும் சுரேஸிடமும் கேட்டாள்.

"மனுசன் செருப்பக் கழட்டிட்டு நிக்கிற எடத்துல, டயரு மட்டும் ஏறி நிக்கலாமா? வாசலுக்கு வெளியில நின்னு கும்பிட்டுட்டு, உத்தரவு வாங்கிக்கிட்டுப் போங்க. ஆளு குறுக்க வந்தா, முனி இன்னும் உத்தரவு குடுக்கலன்னு அர்த்தம்."

சுரேஸ் வெலவெலத்துப்போய் பஸ்ஸைப் பின்னால் எடுத்தான். வேலைக்காரர்கள் வளைவில் புதுக் கோடு அடிக்கக் கொண்டுவந்திருந்த வெள்ளைப் பெயின்டில் கோட்டுக்குத் தூரத்திலேயே இரண்டு பக்கமும் தடித்த வாசல் கோடு அடித்து, மஞ்சள் கோட்டையும் இன்னொரு தரம் பளிச்சென்று அடித்து, திருநீறு பூசிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எல்லோரும் வாசலிலேயே நிற்கிறார்கள். முந்த வந்த ஒரு வேனைச் சுரேஸே இறங்கிப் போய்த் திட்டி நிறுத்தினான். தனலெட்சுமிக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கப்போவதும் இல்லை.

எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். அது பெரிய பிழை என்று முத்திரை ஒட்டிய பிறகுதான் புரிகிறது. தாங்கள் அடுத்த மாதம் பதுளையில் ஒரு விழாவுக்கு வருவதாகத் தங்கள் பத்திரிகையிலேயே பார்த்தேன், கார் இந்த வழியாகத்தான் வரும். விஷயம் தெரிந்த ஷுக்ரி நானாவிடம் வாகனம் இல்லை. ஆகவே இந்த ரோட்டில் வண்டியில் வருகிறவர்களில், அது வெறும் கல் என்று தெரிந்தவர் இனித் தாங்கள் ஒருவர்தான். தெரியாமல் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பீர்கள், நான் சொல்லிக் கெடுத்துவிட்டேன். தயவுசெய்து தாங்களும் நிறுத்துங்கள். காலையில் வந்தால் கோட்டில் விதுஷா இருப்பாள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை போட்டிருப்பாள். பனியில் வெள்ளை சரியாகத் தெரியாது, கொஞ்சம் மெதுவாக வரவும்.